வெளிநாட்டுப் பயணம்: தவக்குலும் தயாரிப்பும்

(கொடைக்கானலில் நிகழ்த்தப்பட்ட ஜும்ஆ உரையின் எழுத்து வடிவம்)

 

 

நாம் வாழும் இந்த மலை, வருவோரை வரவேற்றே வாழ்கின்ற மலை. விடுதி, கடை, வாகனம், ஏரிக்கரை வியாபாரம் என்று நம்மில் பெரும்பாலோரின் ரிஸ்க் விருந்தினரோடு பிணைந்திருக்கிறது. எனினும் சென்னை உயர்நீதிமன்றத்தின் ஆணைப்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு வருவோர் இ-பாஸ் பெற்றே வர வேண்டும் என்னும் நடைமுறை வந்தது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் முடிய, வார நாட்களில் 4,000 வாகனங்கள், வார இறுதியில் 6,000 வாகனங்கள் என்று வரம்பும் கட்டப்பட்டது. பாஸ் இன்றி வந்து வழியில் நிறுத்தப்பட்டவர்கள் வருந்தினார்கள். நம் வியாபாரிகளிலும் சிலர் வருந்தினார்கள். ஆயினும், இந்த மலைப்பாதை தாங்கும் வண்டிகளுக்கும் இங்குள்ள தண்ணீருக்கும் ஓர் அளவு உண்டு என்பதை இங்கே வாழும் நாம் நன்கறிவோம்.

நம்மிடம் வருவோர் முறைப்படி வர வேண்டும் என்று நாம் எதிர்பார்ப்பது நியாயமானால், நாம் செல்லும் நாடுகள் நம்மிடம் அதையே எதிர்பார்ப்பதும் நியாயமன்றோ? இந்த மலையிலிருந்தும், அடிவாரத்துப் பழனி, வத்தலக்குண்டு, பெரியகுளம் பகுதிகளிலிருந்தும் எத்தனையோ பேர் உம்ராவுக்கும் ஹஜ்ஜுக்கும் செல்கின்றனர். வளைகுடா நாடுகளுக்கும் மலேசியாவுக்கும் பிழைப்புத் தேடிச் செல்கின்றனர். எனவே அவ்வாறு பயணம் செல்வோர் பேண வேண்டிய ஒழுங்குகளைக் குறித்து இன்று சில செய்திகளைச் சொல்ல விரும்புகின்றேன்.

தவக்குல் என்றால் என்ன?

பயணம் புறப்படும் ஒருவரிடம், "தடுப்பூசி போட்டுக்கொண்டீர்களா? ஏஜெண்ட் பதிவு பெற்றவரா? மருந்துச் சீட்டு இருக்கிறதா?" என்று கேட்டால், "அல்லாஹ் பார்த்துக்கொள்வான் ஹஜ்ரத்!" என்று பதில் வருகிறது. அல்லாஹ் பார்த்துக்கொள்வான் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவன் தந்த அறிவையும் வழிகளையும் ஒதுக்கிவிட்டு அவன் மீது பாரத்தைச் சுமத்துவதற்குத் தவக்குல் என்று பெயரன்று. ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டுவிட்டுத் தவக்குல் பேசிய தோழரிடம், முதலில் கட்டு, பிறகு நம்பிக்கை வை என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்திய செய்தியை நாமெல்லாம் சிறுவயது முதல் கேட்டிருக்கிறோம். உணவின்றி ஹஜ்ஜுக்குப் புறப்பட்டு, நாங்கள் அல்லாஹ்வையே நம்பியவர்கள் என்று கூறி, வழியில் பிறரிடம் கையேந்திய யமன்வாசிகளைக் குறித்தும் தஃப்ஸீர் நூல்கள் கூறுகின்றன. பயணத்திற்குரியவற்றைத் தேடிக்கொள்ளுமாறு குர்ஆன் இட்ட கட்டளை அவர்கள் விஷயத்தில் இறங்கியது என்று விளக்கம் தருகின்றன.

ஹிஜ்ரத்தைச் சிந்தித்துப் பாருங்கள்! அல்லாஹ்வின் பாதுகாப்பு வாக்களிக்கப்பட்ட தூதரின் பயணம் அது. அந்தப் பயணத்தில் எத்தனை தயாரிப்புகள்! இரண்டு ஒட்டகங்கள் முன்கூட்டியே வளர்த்து வைக்கப்பட்டன. பாதை நன்கறிந்த அப்துல்லாஹ் பின் உரைகித், அவர் முஸ்லிமாக இல்லாதிருந்தும், திறமையும் நம்பகமும் கருதி வழிகாட்டியாக அமர்த்தப்பட்டார். ஸவ்ர் குகையில் மூன்று இரவுகள் தங்கும் திட்டம் வகுக்கப்பட்டது. அஸ்மா (ரழி) அவர்கள் உணவு கட்டிக் கொடுத்தார்கள். ஆமிர் பின் ஃபுஹைரா (ரழி) அவர்கள் ஆடுகளை ஓட்டி வந்து காலடித் தடங்களை அழித்தார்கள். மக்காவாசிகள் ஒப்படைத்திருந்த அமானிதங்களைத் திருப்பித் தர அலீ (ரழி) அவர்கள் பின்னால் நிறுத்தப்பட்டார்கள். இத்தனையும் செய்த பிறகுதான், குகை வாசலில் எதிரிகள் நின்றபோது கலங்காத அந்தத் தவக்குல் வெளிப்பட்டது. தயாரிப்பு முதலில், தவக்குல் அதன் உயிர்.

உமர் (ரழி) திரும்பிய இடம்

ஹஜ்ரத் உமர் (ரழி) அவர்கள் படையினரோடு ஷாம் தேசம் நோக்கிச் சென்றார்கள். ஸர்ஃக் என்னும் இடத்தை அடைந்தபோது, ஷாமில் அம்வாஸ் கொள்ளைநோய் பரவியிருக்கும் செய்தி வந்தது. முஹாஜிர்களிடமும் அன்ஸாரிகளிடமும் குறைஷியரில் மூத்தோரிடமும் தனித்தனியே ஆலோசனை கேட்டார்கள். பிறகு திரும்பிவிட முடிவெடுத்தார்கள். அபூஉபைதா (ரழி) அவர்கள், இது அல்லாஹ்வின் விதியிலிருந்து ஓடுவதாகாதா என்று வினவியபோது, ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதிக்கே செல்கிறோம் என்ற பொருள்பட உமர் (ரழி) விடையளித்தார்கள். பள்ளத்தாக்கின் ஒரு சரிவு பசுமையாகவும் மறு சரிவு வறண்டும் இருந்தால், பசுமையான சரிவில் ஒட்டகத்தை மேய்ப்பதும் விதிப்படியே என்று எடுத்துக் காட்டினார்கள். மலைச்சரிவில் வாழும் நமக்கு இந்த உவமை எளிதில் விளங்கும். பின்னர் அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரழி) அவர்கள் வந்து, கொள்ளைநோய் பரவிய ஊருக்குள் நுழையலாகாது, அங்கே இருப்பவர் அதற்கஞ்சி வெளியேறலாகாது என்னும் நபிமொழியைத் தெரிவித்தார்கள். அதைக் கேட்ட உமர் (ரழி) அவர்கள் அல்லாஹ்வைப் புகழ்ந்தார்கள்.

ஆகவே, ஒரு நாட்டின் எல்லையில் தடுப்பூசிச் சான்று கேட்கப்படும்போது அதனை வீண் தொல்லை என்று எண்ணாதீர்கள். அந்தக் கேள்விக்கு நம் மார்க்கத்தில் ஆழமான வேர் இருக்கிறது.

சகோதரர்களே! பயணி தன்னோடு மூன்று அமானிதங்களைச் சுமந்து செல்கிறார். ஒன்று அவருடைய ஆவணம். மற்றொன்று அவருடைய உடல். மூன்றாவது அவருடைய பை.

ஆவணம் என்னும் அமானிதம்

விசா என்பது ஓர் ஒப்பந்தம். எதற்காக வருகிறேன், எத்தனை நாள் தங்குவேன் என்று ஒரு நாட்டுக்கு நாம் கொடுக்கும் வாக்கு. உடன்படிக்கைகளை நிறைவேற்றுமாறு முஃமின்களுக்குக் குர்ஆன் கட்டளையிடுகிறது. சுற்றிப் பார்க்கும் விசாவில் சென்று வேலை செய்வது வாக்கு மீறுவதாகும். அது மட்டுமன்று, அவ்வாறு செல்பவருக்கு அங்கே சட்டத்தின் பாதுகாப்பு இல்லை. சம்பளம் தரப்படாவிட்டால் முறையிட வழியின்றி நிற்பார்.

2022 ஆம் ஆண்டில் நிகழ்ந்ததை மறக்கலாகாது. தாய்லாந்தில் கணினி வேலை என்று ஆசை காட்டப்பட்ட தமிழ்நாட்டு இளைஞர்கள் எல்லை கடத்தப்பட்டு, மியான்மரின் மியாவதிப் பகுதியில் அடைக்கப்பட்டார்கள். இணையவழியில் பிறரை ஏமாற்றிப் பணம் பறிக்கும் வேலையைச் செய்யும்படி துன்புறுத்தப்பட்டார்கள். 2025 மார்ச்சில் இத்தகைய கூடாரங்களிலிருந்து மீண்ட 549 இந்தியர்கள் விமானப்படை விமானங்களில் அழைத்து வரப்பட்டனர். ஹலாலான சம்பாத்தியம் தேடிப் புறப்பட்டவரை, திருடச் சொல்லி அடிக்கும் இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியது எது? விசாரிக்காமல் நம்பியதுதான்.

எனவே வேலைக்குச் செல்வோர் கவனிக்க வேண்டியவை:

முதலாவதாக, பாஸ்போர்ட் குறைந்தது ஆறு மாதங்களாவது செல்லத்தக்கதாக இருக்கட்டும். பல நாடுகள் இதை நிபந்தனையாக வைத்துள்ளன. நம் மாவட்டத்தார்க்குரிய மண்டலப் பாஸ்போர்ட் அலுவலகம் மதுரையில் உள்ளது. கடைசி வாரத்தில் ஓடாமல் முன்கூட்டியே புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவதாக, பத்தாம் வகுப்புத் தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் ஈ.சி.ஆர். என்னும் குறிப்பு இருக்கும். அத்தகையோர் சவூதி, அமீரகம், குவைத், கத்தர், ஓமன், பஹ்ரைன், மலேசியா முதலிய 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்லக் குடிபெயர்வு அனுமதி பெற வேண்டும். சுற்றுலா என்று சொல்லி இதனைத் தவிர்த்துச் செல்ல வழிகாட்டும் ஏஜெண்ட் உங்களுக்கு உதவுபவர் அல்லர். உங்களுக்கிருக்கும் ஒரே வேலியையும் பிடுங்கி எறிபவர் அவர்.

மூன்றாவதாக, ஏஜெண்ட் மத்திய அரசிடம் பதிவு பெற்றவரா என்பதை இ-மைக்ரேட் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளலாம். பிள்ளைகள் கைபேசியில் சில நிமிடங்களில் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். அவர் வாங்கத்தக்க சேவைக் கட்டணத்திற்கு 30,000 ரூபாயும் அதற்குரிய ஜி.எஸ்.டி.யும் என்று அரசு விதிகள் உச்சவரம்பு வகுத்திருக்கின்றன. ஆனால் மனைவியின் நகையை விற்று லட்சக்கணக்கில் கொடுத்தவர்களை நான் அறிவேன். ரசீது கேட்டால் கோபிக்கும் ஏஜெண்டிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளுமாறு குர்ஆனின் மிக நீண்ட வசனம் போதிக்கிறது. எழுதக் கேட்பது அவநம்பிக்கையன்று, மார்க்கம் காட்டிய ஒழுங்கு. 1978 இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தின் வழியாகச் செல்வதும் ஒரு பாதுகாப்பான வழியாகும்.

நான்காவதாக, பிரவாசி பாரதீய பீமா யோஜனா என்னும் காப்பீடு உண்டு. விபத்தில் மரணமோ நிரந்தர ஊனமோ நேர்ந்தால் பத்து லட்சம் ரூபாய் வழங்கும் திட்டம் இது. இரண்டாண்டுக்கு 275 ரூபாய், மூன்றாண்டுக்கு 375 ரூபாய் என்று அதன் கட்டணம் வகுக்கப்பட்டது. குடிபெயர்வு அனுமதி பெற்றுச் செல்வோருக்கு இது கட்டாயமாக்கப்பட்டுள்ளது. முறைப்படி செல்லாதவரின் குடும்பம் இதனையும் இழந்துவிடுகிறது.

அனுமதியில்லா ஹஜ்

இங்கே வேதனையோடு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 2024 ஆம் ஆண்டு ஹஜ்ஜின்போது மக்காவில் வெப்பம் 51.8 டிகிரி செல்சியஸ் வரை உயர்ந்தது. அந்த ஹஜ்ஜில் 1,301 பேர் இறந்ததாகச் சவூதி அரசு அறிவித்தது. அவர்களில் 83 விழுக்காட்டினர் அனுமதியின்றி வந்தவர்கள் என்றும், நிழலும் ஓய்விடமும் இன்றிக் கடும் வெயிலில் நெடுந்தூரம் நடந்தவர்கள் என்றும் அது தெரிவித்தது. குளிரூட்டப்பட்ட கூடாரமும் பேருந்தும் பதிவு பெற்றவர்களுக்கே கிடைக்கும். பதிவில்லாதவர் எல்லாவற்றுக்கும் வெளியே நிற்பார். மயங்கி விழுந்தாலும் பிடிபடுவோமோ என்று அஞ்சி மருத்துவரை நாடத் தயங்குவார். அங்கே மரணித்தவர்களை அல்லாஹ் பொருந்திக்கொள்வானாக! அவர்கள் மீது குற்றம் சுமத்த நமக்கு உரிமையில்லை. ஆனால் குறைந்த செலவில் ஹஜ் என்று சொல்லி அவர்களை அங்கே கொண்டுபோய் விட்ட ஏஜெண்டுகள் அல்லாஹ்விடம் பதில் சொல்லியாக வேண்டும்.

2025 ஹஜ்ஜுக்கு அனுமதியின்றி ஹஜ் செய்ய முயல்வோருக்கு 20,000 ரியால் வரை அபராதமும், நாடு கடத்தலும், பத்தாண்டுகள் நுழைவுத் தடையும் அறிவிக்கப்பட்டன. சக்தி பெற்றவர் மீதே ஹஜ் கடமை. முறையான அனுமதி கிடைப்பதும் அந்தச் சக்தியில் அடங்கும் என்பதை உணருங்கள். அனுமதி கிடைக்காமல் நிய்யத்தோடு காத்திருப்பவருக்கு, அந்த நிய்யத்தின் நன்மை வீணாகாது.

உடல் என்னும் அமானிதம்

நம் உடல் நமக்குச் சொந்தமன்று, அல்லாஹ் ஒப்படைத்தது. உங்களை நீங்களே அழிவில் போட்டுக்கொள்ளாதீர்கள் என்ற கருத்தில் குர்ஆன் எச்சரிக்கிறது.

ஏறத்தாழ ஏழாயிரம் அடி உயரத்தில், மே மாதத்திலும் இருபது டிகிரியைச் சற்றே தாண்டும் குளிரில் பழகியவர்கள் நாம். கம்பளி இல்லாமல் சுபுஹுக்கு வர இயலாத நம் பெரியவர்கள், சில மணி நேரத்தில் நாற்பத்தைந்து டிகிரி வெயிலில் போய் இறங்குகிறார்கள். உடல் வெப்பத்திற்குப் பழக ஒரு வாரம் முதல் இரண்டு வாரங்கள் வரை ஆகும் என்று மருத்துவர்கள் கூறுகின்றனர். சமவெளியில் வாழ்வோரைக் காட்டிலும் நமக்கு இதில் கவனம் அதிகம் தேவை. இயன்றவர்கள் புறப்படுவதற்கு முன் சில நாட்கள் அடிவாரத்து உறவினர் வீட்டில் தங்கி, காலையிலும் மாலையிலும் நடந்து பழகிக்கொள்ளுங்கள். இங்கே குளிரில் தாகம் எடுப்பதில்லை. எனவே நம்மவர்கள் தண்ணீர் குறைவாகவே அருந்திப் பழகியவர்கள். அங்கே தாகத்திற்குக் காத்திராமல் அருந்துங்கள். குடையும் உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலமும் கையோடு இருக்கட்டும். சிறுநீரகம் அல்லது இதய நோய் உள்ளவர்கள் எவ்வளவு நீர் அருந்தலாம் என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வெயிலில் ஒருவர் பிதற்றினாலோ, தடுமாறினாலோ, உடல் கொதித்தாலோ அது சாதாரண மயக்கமன்று. உயிருக்கு ஆபத்தான வெப்பத் தாக்கு. உடனே நிழலுக்குக் கொண்டு சென்று, உடலெங்கும் நீர் ஊற்றி விசிறி, மருத்துவ உதவியை அழைக்க வேண்டும். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றலாகாது. வெயில் தணிந்த பிறகு தவாஃப் செய்வதால் நன்மை குறைந்துவிடாது. பயணிக்குத் தொழுகையைச் சுருக்கியும் சேர்த்தும் தொழச் சலுகை தந்த இரட்சகன், அடியானின் சிரமத்தை விரும்புவதில்லை.

தடுப்பூசிகளைப் பொறுத்தவரை, ஹஜ், உம்ரா செல்வோர் மூளைக்காய்ச்சல் தடுப்பூசியைச் சவூதியை அடைவதற்குக் குறைந்தது பத்து நாட்களுக்கு முன்பே போட்டிருக்க வேண்டும். 2024 இல் உம்ரா சென்று திரும்பியவர்கள் மூலம் சில நாடுகளில் இந்நோய் கண்டறியப்பட்டது. எனவே போடாமலே சான்றிதழ் மட்டும் வாங்கித் தருகிறேன் என்பவரிடம் ஏமாறாதீர்கள். அது பொய்ச் சாட்சியம். மேலும், நம் வீட்டுக் குழந்தைக்கே நாம் நோயைக் கொண்டுவரும் வழி. ஆப்பிரிக்க நாடுகளுக்கு வியாபாரமாகச் செல்வோர் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பத்து நாட்களுக்கு முன் போட வேண்டும். சென்னை கிண்டியிலுள்ள கிங் நிலையம் முதலிய அங்கீகரிக்கப்பட்ட இடங்களில் மட்டுமே இதைப் போட்டுச் சான்று பெற முடியும். சான்றின்றித் திரும்புவோரை நம் நாட்டிலேயே ஆறு நாட்கள் வரை தனிமைப்படுத்தி வைப்பார்கள்.

சர்க்கரை நோயாளிகளுக்கு ஒரு செய்தி. இங்கே அலமாரியில் கெடாமல் இருக்கும் இன்சுலின் அங்குள்ள வெயிலில் கெட்டுவிடும். குளிர்காப்புப் பையில் வைத்து, கைப்பையிலேயே எடுத்துச் செல்லுங்கள். பெரிய பெட்டியில் போட்டுவிடாதீர்கள். அதிகம் நடப்பதால் சர்க்கரை திடீரெனக் குறையலாம். பேரீச்சம்பழம் சட்டைப் பையில் இருக்கட்டும்.

பை என்னும் அமானிதம்

பையில் என்ன இருக்கிறது என்பதற்கு நாமே பொறுப்பாளிகள். நம் அடுப்படியில் குருமாவுக்கு அரைக்கும் கசகசா, அமீரகம், சவூதி, கத்தர் நாடுகளில் தடைசெய்யப்பட்ட பொருள். அது அபின் செடியின் விதை. எனவே மகனுக்காக அம்மா அரைத்துக் கொடுக்கும் மசாலாப் பொடியில் கசகசா இல்லாதிருக்கட்டும். டிரமடால் போன்ற வலி மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து, சிலவகைத் தூக்க மாத்திரைகள் அங்கே கட்டுப்படுத்தப்பட்டவை. மருந்துகளை அவற்றின் அட்டையோடும், மருத்துவர் கையொப்பமிட்ட சீட்டோடும் கொண்டு செல்லுங்கள். தேவையானவற்றுக்கு அந்நாட்டுச் சுகாதாரத் துறையின் முன் அனுமதியையும் பெறுங்கள். நம் மலைப்பூண்டைப் பாசத்தோடு கொண்டு செல்வோரும், செல்லும் நாட்டில் அதற்கு அனுமதி உண்டா என்று கேட்டுக்கொள்ளட்டும். ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் இறங்கும்போது உணவுப் பொருள் எதையும் மறைக்காமல் அறிவித்தாக வேண்டும்.

இளைஞர்களே! இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். இந்த மலையில் போதைக் காளானும் கஞ்சாவும் கைமாறுவது ஊரறிந்த செய்தி. போதை தரும் யாவும் ஹராம். நம் நாட்டுச் சட்டத்திலும் அது குற்றம். சில நாடுகளில் அது கழுத்துக்கே வினையாகும். சவூதியில் போதைப்பொருள் குற்றங்களுக்கான மரண தண்டனைகள் 2022 நவம்பரில் மீண்டும் நிறைவேற்றப்படத் தொடங்கின. "என் தம்பியிடம் கொடுத்துவிடுங்கள்" என்று விமான நிலையத்தில் எவரேனும் நீட்டும் பொட்டலத்தை, பிரித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். அறிமுகமில்லாதவரிடம் அறவே வாங்காதீர்கள். "தெரியாது" என்ற சொல் அங்கே எடுபடாது.

புறப்படும் முன்

கடனை அடையுங்கள், இயலாவிடில் எழுதி வையுங்கள். வஸிய்யத் எழுதுங்கள். பாஸ்போர்ட், விசா, வேலை ஒப்பந்தம், காப்பீடு ஆகியவற்றின் நகல்கள் ஒரு பிரதி வீட்டிலும், ஒரு பிரதி உங்கள் கைபேசியிலும் இருக்கட்டும். சேர்ந்த நாட்டிலுள்ள இந்தியத் தூதரகத்தின் எண்ணை மனைவியும் அறிந்திருக்கட்டும். கூட்டமாகச் செல்வோர், சுன்னத்தான முறைப்படி ஒருவரை அமீராக ஆக்கிக்கொள்ளுங்கள். மழையும் மூடுபனியும் மண்சரிவும் நம் மலைப்பாதையை எந்நேரமும் மறிக்கும். ஆகவே மதுரையிலோ திருச்சியிலோ விமானம் ஏறுவோர் முந்தின நாளே இறங்கிவிடுங்கள். விமானத்தைப் பிடிக்கும் அவசரத்தில் இரவு வளைவுகளில் ஓட்டுநரை விரட்டாதீர்கள். அவருக்கும் பிள்ளைகள் உண்டு.

ஜமாஅத்துக்கும் ஒரு கடமை இருக்கிறது. வேலைக்குச் செல்லும் இளைஞரை மாலையிட்டு வழியனுப்பும் நாம், அவருடைய ஒப்பந்தத்தை ஒருமுறை வாங்கிப் படித்ததுண்டா? படித்த பிள்ளைகள் நால்வர் வாரம் ஒருநாள் அஸருக்குப் பின் பள்ளியில் அமர்ந்து, ஏஜெண்டின் பதிவையும் விசாவின் வகையையும் பார்த்துச் சொல்லட்டும். உம்ரா செல்லும் முதியோருக்கு அரசு மருத்துவர் ஒருவரை அழைத்து ஆலோசனை வழங்கச் செய்யலாம். அதற்கு ஆகும் செலவு வழியனுப்பும் மாலைக்கு ஆகும் செலவை விடக் குறைவு. இதை அடுத்த மஷ்வராவில் முடிவு செய்யுமாறு நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.

பயணம் சென்றவர், காரியம் முடிந்ததும் விரைந்து குடும்பத்தாரிடம் திரும்ப வேண்டும் என்பது நபி (ஸல்) அவர்களின் போதனை. திரும்பி வருவதற்குரிய வழியைப் பேணிச் செல்வதும் அந்தப் போதனையைப் பின்பற்றுவதே ஆகும்.

யா அல்லாஹ்! பயணத்தில் இருக்கும் எங்கள் பிள்ளைகளையும் பெற்றோரையும் காப்பாற்றுவாயாக! ஏமாற்றப்பட்டு அந்நிய மண்ணில் தவிப்போரை அவர்களின் வீடுகளுக்கு மீட்டுத் தருவாயாக! உன் ஆலயத்தை முறைப்படி, ஆரோக்கியத்தோடு தரிசிக்கும் பாக்கியத்தை எங்கள் அனைவருக்கும் அருள்வாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்!